சகலையின் டின்னில் ஒன்பதாவது காகிதம்

என் சகலையின் வாழ்க்கை முழுவதும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிட்டது. என் வீட்டுக் கரண்ட் பில்கள் மட்டும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் அடங்க மறுக்கின்றன. சதுரமான டின் அது. மூடியில் ரோஜாப் பூக்கள் அச்சிட்டிருந்தார்கள். வருஷக்கணக்காகக் கை பட்டுப் பட்டு இதழ்கள் தேய்ந்து, கடைசிக் காலத்தில் அவை ரோஜாவா முட்டைக்கோவாவா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் மூடி மட்டும் என்றைக்கும் சிக்கியதில்லை. கட்டைவிரலால் ஒரு மூலையைத் தட்டுவார், 'டக்' என்று திறக்கும். அந்த 'டக்' சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிடும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்தவர். நான் பதுளையில் சமூகக்கல்வி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். படித்தவன் என்று பெயர் எனக்கு. காகிதம் ஒழுங்காக இருப்பது அவரிடம். இந்த அநியாயத்தை முப்பது வருஷத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டேன். முழுதாகப் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அந்தப் பொய்யைப் பற்றியதுதான் இந்த எழுத்து.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பின்னறையில் பலகையால் செய்து ஓரத்தில் தகரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. முதலாவதில் பில்கள். இரண்டாவதில் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் நோட்டீஸ்கள், வராத இடமாற்றத்துக்கு நான் அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்கள். மூன்றாவதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மேசைமேல் இன்னொரு குவியல் உண்டு. ஒரு பக்கம் அச்சடித்து மறுபக்கம் வெறுமையாக உள்ள தாள்கள். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய ரோனியோ தாள்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எதை எழுதினாலும் அதன் பின்பக்கத்தில்தான் எழுதுவேன். வெள்ளைத் தாளை வீணாக்க என் கை வராது. இதைச் சிக்கனம் என்று நான் சொல்வேன். மனைவி சொல்லும் பெயரை அச்சில் போட முடியாது.

அவளிடம் ஒருமுறை பெரிய வியாக்கியானமே செய்தேன். "நம்ம ஆளுங்களுக்குக் காகிதம்னா உசுரு. ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமத்தான் எத்தன குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிச்சு? எங்கப்பா எதையும் வீசினதில்ல. அந்தப் பயம் ரத்தத்துல ஊறினது" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "கரண்ட் பில்ல காட்டியா பிரஜாவுரிமை குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

சகலையின் முறை வேறு. தீபாவளிக்கு முந்திய வாரம், தோட்டத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லாச் சாமானும் வாசலுக்கு வரும். கட்டில், அலுமாரி, அம்மி எல்லாம் வெளியில் நிற்க, அவர் ஒரு பலகையில் உட்கார்ந்து அந்த வருஷம் சேர்ந்த காகிதங்களை மடியில் வைத்துக்கொள்வார். காதில் பென்சில். ஒவ்வொரு தாளாக எடுத்து, தாளையே பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "ஒன்னய நாளைக்கு யாராச்சும் கேப்பாங்களா?" கேட்பார்கள் என்றால் மூலையில் ஒரு சரி. கேட்கமாட்டார்கள் என்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்ததெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போகும். அந்த மலைக் குளிரில் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு, தன் பழைய காகிதங்களில் காய்ந்த தண்ணீரைத்தான் மனுஷன் தலையில் ஊற்றிக்கொள்வார். சரி விழுந்தது டின்னுக்குப் போகும். டின் நிரம்பாது. நிரம்பக் கூடாது என்பது அவர் சட்டம். மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, உள்ளே இருப்பவற்றை இலக்கம் போட்டு எழுதியிருப்பார். இரண்டு பக்கமும் வெள்ளையான தாள்! அதற்கே எனக்கு ஒரு தனிப் பொறாமை உண்டு.

எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஒரே பந்தலில் நடந்தது. மாமனாருக்கு ஒரே சமையலில் இரண்டு பெண்களையும் கரையேற்றிய திருப்தி. எனக்கோ அன்றைக்கே அளவுகோலைப் பக்கத்தில் நட்டுவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஏதோ ஒரு தேவைக்கு மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் விவாகச் சான்றிதழ் கேட்டார்கள். நான் பெட்டிகளுக்குள் தலைகீழாக விழுந்து நான்கு நாள் தேடினேன். கிடைத்தவை: தடுப்பூசி அட்டை ஒன்று, இறந்துபோன பசுவின் இன்சூரன்ஸ், யாரோ ஒருவரின் பல் எக்ஸ்ரே. ஐந்தாம் நாள் மனைவி என்னை இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் சகலை எழுந்தார். 'டக்'. அவர் எனக்கு ஊற்றிக்கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் என் கல்யாணம் என் கையில் இருந்தது.

"எங்களோடத எடுக்கப் போனப்ப உங்களோடதுக்கும் ஒரு உறுதிப்படுத்தின காப்பி எடுத்து வச்சேன் அண்ணே. எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார். கேலி துளியும் இல்லை. கேலி இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

திரும்பிவரும் பஸ்ஸில் மனைவி அப்புத்தளையில் பேச ஆரம்பித்து, பண்டாரவளையில் மூச்சு வாங்கி, பதுளையில்தான் முடித்தாள். "நம்ம கல்யாணத்தையே அவர் டின்னுல பத்திரமா வச்சிருக்காரு. நீங்க செத்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் வச்சிருக்கீங்க." முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம்தான் தங்கச்சி வீட்டிலிருந்து இன்னொரு செய்தி. சகலைக்குப் பெரிய டீமேக்கர் பதவி கிடைக்கப் போகிறதாம்.

நான் உட்கார்ந்தேன். மேசைக் குவியலில் மேலே கிடந்த தாளை உருவினேன். தோட்டத்துத் துரைக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். 'தங்கள் தொழிற்சாலைச் சின்ன டீமேக்கர், மாதாமாதம் தொழிற்சாலைத் தேயிலையைப் பதுளையிலுள்ள தன் உறவினருக்குக் கடத்துகிறார் என்பதை மிகுந்த மனவேதனையுடன்...' பதுளையிலுள்ள அந்த உறவினர் நான்தான். உத்தியோகத்தருக்குச் சட்டப்படி கொடுக்கும் பங்கில் அரைக் கிலோவை மாதாமாதம் எங்களுக்கு அவர் கொண்டுவந்து தருவார். அந்தத் தேயிலையில் ஒரு கோப்பை பக்கத்தில் வைத்து, உறிஞ்சிக்கொண்டே மனவேதனைப்பட்டேன். கையெழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். பதுளை முத்திரை விழாமலிருக்கப் பண்டாரவளைவரை போய்த் தபாலில் போட்டேன். என் ஆயுளில் நான் அவ்வளவு திட்டமிட்டு, அவ்வளவு கவனமாகக் கையாண்ட காகிதம் வேறு கிடையாது.

அந்த வருஷம் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்தே கிடைத்தது. என் கடிதத்தாலா, வேறு காரணமா, தெரியாது. கேட்கவும் முடியாது. செய்தி வந்த அன்று முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதையும் மறைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது புளித்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதாமாதம் தேயிலையும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அதற்குப் பிறகு தேயிலைப் பைக்குள் ஒரு சின்னத் துண்டும் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து எந்தச் சாமானை வெளியே கொண்டுபோனாலும் வாசலில் காட்ட வேண்டிய கேட் பாஸ். 'தேயிலை அரைக் கிலோ, உத்தியோகத்தர் பங்கு' என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கும்.

"இது எதுக்கு தம்பி எனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கட்டும் அண்ணே. யாராச்சும் கேட்டா காட்டலாம்" என்றார்.

காகிதக் கிறுக்கு முற்றிவிட்டது என்று மனதுக்குள் சிரித்தேன். கேட் பாஸை வீசினேனா? நானா? ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் போட்டேன்.

பிறகு, மீரியபெத்தையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போன வருஷம் வந்தது. அப்போது அவர் ஓய்வுபெற்று ஹல்துமுல்லையில் சின்ன வீடொன்றில் இருந்தார். தப்பி வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போய்விட்டு வந்தவர், அந்த டிசம்பரில் காதில் பென்சிலோடும் கையில் ஒரு பையோடும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். எங்கள் வீடும் சரிவில் இருக்கிற வீடுதான். வழக்கமான சிரிப்பு முகத்தில் இல்லை.

"அங்க ஆளும் இல்ல அண்ணே, ஆளு இருந்தாங்கன்னு சொல்ல காகிதமும் இல்ல. மழை வந்தா ஒரு கையில தூக்கிட்டு ஓட முடியணும். மத்தக் கை அக்காவைப் புடிச்சிக்கணும். உங்க மூனு பொட்டிய வச்சிக்கிட்டு எந்தக் கையால அக்காவைப் புடிப்பீங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பவர்கள்மேல் எனக்கு அன்பு வருவதில்லை. ஆனாலும் பின்னறையைத் திறந்துவிட்டேன். மூன்று நாள் உட்கார்ந்தார். சரி, பெருக்கல் என்று மூலைக்கு மூலை குறி போட்டார். என் மனைவி அவருக்கு வடை சுட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு முப்பது வருஷத்தில் அப்படி வடை விழுந்ததில்லை. மூன்றாம் நாள் மாலை, வைக்க வேண்டியவை ஒரு சோடிச் சப்பாத்து வந்த அட்டைப்பெட்டிக்குள் அடங்கியிருந்தன. எரிக்க வேண்டியவை அடுப்படியில் மலையாகக் குவிந்திருந்தன. மூன்றாவதாக, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய, செங்கல் கனத்தில் ஒரு காகிதக் கட்டினை என் கையில் தந்தார். மேலே பென்சிலால் ஒரு வட்டம்.

"வட்டம்னா என்ன தம்பி?"

"அது நீங்களே பாத்து முடிவு பண்ண வேண்டியது அண்ணே. அவசரமில்ல."

அவர் பஸ் ஏறிய கையோடு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அடுப்படி மலையை அள்ளி மறுபடி பெட்டிகளுக்குள் போட்டேன். அவர் எரிக்கச் சொன்னதை எரித்தால், அவர் சொன்னது சரியென்று ஆகிவிடாதா? வட்டம் போட்ட கட்டினை மூன்றாவது பெட்டியின் அடியில் திணித்தேன். பிரிக்கவில்லை. பழைய பில்களாக இருக்கும், என்னைப் படிக்கவைத்து அவமானப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

சகலை போன மாதம் காலமானார். சாவிலும் ஒழுங்கு. டின்னில் 'மரண அறிவித்தலுக்கு' என்று எழுதிய உறைக்குள், கோட் போட்டு எடுத்த அழகான படம் ஒன்று தயாராக இருந்தது. துக்கத்துக்கு நடுவிலும் என் புத்தி போனது பாருங்கள்: நான் செத்தால் என் மனைவி என் படத்தைத் தேடி எடுப்பதற்குள் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிடும். செத்த மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் பதுளை மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரியம் முடிந்த பிறகு கொழுந்தியாள் டின்னைக் கொண்டுவந்து, மனைவி பக்கத்தில் இருக்க, என் மடியில் வைத்தாள். "வீட்ட என் பேருக்கு மாத்தணுமாம். நீங்கதான் படிச்சவரு மச்சான், பாத்து எடுத்துக் குடுங்க." முதன்முதலாக அந்த மூடியை என் விரல் தட்டியது. 'டக்'. என் விரலுக்கும் அதே சத்தம்தான். வேண்டிய வீட்டு உறுதிப் பத்திரம் நான்காம் இலக்கம். அரை நிமிஷத்தில் கிடைத்தது. நான் மூடியை மூடப் போனேன்.

"இருங்க மச்சான். பட்டியல்ல பதினாலு இருக்கு. உள்ள பதிமூனுதானே இருக்கு? அந்த ஒம்போதாவது என்னான்னு எனக்கு வெளங்கவே இல்ல."

பார்த்தேன். 'ஒன்பது: கடிதம், ஒன்று' என்று எழுதி, அதன்மேல் கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'உரியவரிடம் கொடுத்தாயிற்று.' அதன்கீழே மாதம், வருஷம். அவர் காதில் பென்சிலோடு எங்கள் வாசலில் வந்து நின்ற அதே டிசம்பர்.

மூடியை அவசரமாக மூடினேன். "ஏதாச்சும் பழைய கடுதாசியா இருக்கும்" என்றேன்.

"பழைய கடுதாசிய அவரு வைக்கமாட்டாரே" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பகல், மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மூன்றாவது பெட்டியைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து அந்தச் செங்கல் விழுந்தது. கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே கேட் பாஸ்கள். எனக்குத் தந்த அத்தனையும், என் மூன்று பெட்டிகளிலும் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கியெடுத்து, மாத வாரியாக, வருஷ வாரியாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, குண்டூசி குத்தி, இடது கையால் எழுதிய ஒரு கடிதம். ஓரத்தில் துரையின் சிவப்பு மை: 'சின்ன டீமேக்கரின் விளக்கத்துக்கு.' அலுவலகக் கந்தோர்களில் அப்படித்தான் செய்வார்கள். முறைப்பாடும் அதற்கான விளக்கமும் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும். மாதாமாதம் எனக்குத் துண்டுத் துண்டாக விளக்கம் எழுதியிருக்கிறார் மனுஷன். நான் அதைப் படிக்காமல் தேயிலையை மட்டும் குடித்திருக்கிறேன்.

கடிதத்தின் மூலையில் பென்சிலால் ஒரு வட்டம். சரியும் இல்லை, பெருக்கலும் இல்லை.

வெந்நீர் அடுப்பில் காலைத் தணல் இன்னும் இருந்தது. கட்டும் கடிதமுமாக நான் எழுந்து அதன் பக்கம் போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுப்படி வாசலில் என் மனைவி திருநீற்றோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க அது கையில?"

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. "யாரு இந்த நாசமாப் போனவன்? தங்கமான மனுசனப் பத்தி இப்படி எழுதியிருக்கானே, இவன் கையில புழு வைக்க! ஆளு யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்போலத்தான் இருக்கு. எப்படித் தெரிஞ்சிச்சுன்னுதான் எனக்கு..."

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தை நான் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கும் பார்க்கவில்லை. அவள் உரக்க வாசித்தாள். முதலில் என் பள்ளிக்கூடத்தின் பெயர். பிறகு, "இரண்டாம் தவணைப் பரீட்சை, ஆறாம் வகுப்பு, சமூகக்கல்வி. ஒன்று: நமது உறவினருக்கும் அயலவருக்கும் நாம் செய்யக்கூடிய உதவிகள் மூன்று எழுதுக."

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

இடது கை, பண்டாரவளைத் தபால், மனவேதனை எல்லாம் இருந்தன. வெள்ளைத் தாள் ஒன்றை வீணாக்க மட்டும் மனம் வரவில்லை எனக்கு.

பஸ்ஸில் மூன்று ஊர் தாண்டப் பேசியவள், இதற்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கேட் பாஸ் கட்டைப் புரட்டினாள். "இதுக்குப் பெறகும் மாசாமாசம் தேயில கொண்டாந்தாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொண்டாந்தாரு."

"மூனு நாள் இந்த வீட்டுல ஒக்காந்து நம்ம குப்பைய பிரிச்சாரே, அப்பவும் தெரியுமா?"

"அப்பத்தான் இத வச்சிருக்காரு."

கடிதத்தை மடிப்புக் கலையாமல் என் கையில் திருப்பித் தந்தாள். "தங்கச்சி ஒங்ககிட்ட ஒம்போதாவது என்னான்னு கேட்டாள்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கேட்டாள்தான். சகலையின் சட்டம் மிகவும் எளிமையானது. யாராவது கேட்பார்கள் என்றால் அந்தக் காகிதத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டவருக்குக் காட்ட வேண்டும். அந்த ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பின்னறையில் இருந்தேன். கையோடு கை, மற்றவற்றிடமும் அவர் கேள்வியைக் கேட்டேன். என்னை யாரும் கேட்கவே போவதில்லை என்று தேயிலைப் பெட்டிகள் இரண்டு ஒத்துக்கொண்டன. ஏழு நாளும் வீட்டில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. செத்த பசுவின் இன்சூரன்ஸில் மட்டும் நல்ல சூடு வந்தது.

பிறகு கடைக்குப் போய் ஒரு டின் பிஸ்கட் வாங்கினேன். டின்னைக் காலியாக்க மூன்று நாள் இருவரும் பிஸ்கட்டே சாப்பிட்டோம். மனைவி அப்போதும் என்னோடு பேசவில்லை, ஆனால் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளையான தாள். ஒன்று: கடிதம். இரண்டு: கேட் பாஸ் கட்டு. பென்சில் வட்டத்தை அழிக்கவில்லை. அதன்மேலேயே ஒரு சரி போட்டேன்.

இதை நான் எழுதுவது ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில். கொழுந்தியாள் என்ன சொல்வாள் என்று தெரியாது. வாசலைக் காட்டினாலும் காட்டுவாள். அவள் வீட்டு அலுமாரிமேல் ரோஜாவோ கோவாவோ தெரியாத அந்த டின் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். என் மடியில் இருக்கிற புது டின்னின் மூடி சிக்குகிறது, 'டக்' என்று திறக்கவும் இல்லை. ஆனால் எழுந்து தூக்கிப் பார்த்தேன். ஒரே கையில் தூக்க முடிகிறது. மற்றக் கை சும்மாதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற மனைவி அதை இன்னும் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. எரிச்சலே அதுதான்.